இடைவேளை சாரின் முப்பத்தெட்டு லைன்கள்

அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக நான் நல்லவளாகத் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் அமைப்பு செய்வது ஒரே ஒரு வேலை. கண் தெரியாதவர்களுக்குக் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அன்றைய செய்தித்தாளைத் தொலைபேசி வழியாக வாசித்துக் காட்டுவது. மணிக்கு ஒருவராக மூன்று பேர் வந்து வாசிப்பார்கள். கேட்பவர்கள் முப்பத்தெட்டு பேர். பாதிப் பேருக்கு மேல் வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள். எல்லோருமே வாய்க்காரர்கள். ஏழு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்து எங்கள் எண்ணைச் சுழற்றி லைனில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் இந்த அமைப்பின் செயலாளர். மாடியில் என் அறை, கீழே வாசிப்பு அறை. கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒலியைக் கவனித்துக்கொள்பவரை எல்லோரும் 'இடைவேளை சார்' என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் மனிதர் யாரென்று பாதி தெரிந்துவிடும்.

அவர் எங்களிடம் வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒலிபெருக்கிகளைப் பராமரித்தவர். எந்நேரமும் தலைக்கு மேலே கூம்பு ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்க, அதன் கீழே சாப்பிட்டு, அதன் கீழே தூங்கி எழுந்தவர். அதனாலோ என்னவோ அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் அவரை ஊமை என்றே நினைத்தேன். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டுவார். போனால் போகட்டும் என்று எப்போதாவது "சரி மேடம்" என்பார்.

ஆனால் வேலையில் புலி. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர் வீட்டுக்கே போய், அவருடைய போனிலேயே பேசிப் பார்த்து, அந்தக் காதுக்கு எவ்வளவு சத்தம், எந்தச் சத்தம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொண்டு வருவார். ஓய்வு பெற்ற தபால்காரருக்குக் கனத்த சத்தம்தான் கேட்கும். தையல்காரம்மாவுக்கு இடது காது மட்டும். கணக்கு வாத்தியாருக்கோ பாம்புக் காது, பக்கத்து வீட்டில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கும், அதைப் பற்றியும் எங்களிடம் புகார் சொல்வார். முப்பத்தெட்டு பேருக்கும் முப்பத்தெட்டு விதமான ஒலி. திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, ஒரு அளவு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மணிக்கு ஒருமுறை வாசிப்பவர் மாறும்போது. ஒருவர் எழுந்து, இன்னொருவர் உட்கார்ந்து, நாற்காலியை இழுத்து, தொண்டையைச் செருமி, மைக்கைத் தட்டிப் பார்த்து முடிப்பதெல்லாம் முப்பத்தெட்டு காதுகளில் இடியாக விழும். அந்த நேரத்தில் ஒலியை நிறுத்தலாமென்றால் மென்பொருளை மூடவேண்டும். மூடினால் அத்தனை லைனும் அறுந்துபோகும். எல்லோரும் மறுபடி சுழற்றி உள்ளே வருவார்கள், வந்த வரிசையில் இடம் பிடிப்பார்கள். தபால்காரரின் அளவு போய் வாத்தியாரின் லைனில் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அப்படித்தான் வாத்தியார் போனை வீசி எறிந்துவிட்டு, மதியம் வந்து என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். மென்பொருள் விற்றவர்களைக் கேட்டால், மூடித் திறங்கள் என்றார்கள். அதைச் சொல்வதற்கு ஒரு ஆள் வேறு வேண்டுமா?

இடைவேளை சார் இரண்டு வாரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். லைன்களை எல்லாம் வாசிப்பு மென்பொருளில் நேராகச் சேர்க்காமல், நடுவில் ஒரு சின்ன மென்பொருளில் சேர்த்தார். லைன்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. வாசிப்பு மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் அப்படியே நிறுத்தி வைக்கலாம், ஒரு லைனும் அறாது. எனக்குப் புரியவில்லை என்றதும் அதிசயமாக இரண்டு வாக்கியம் பேசினார்.

"குழாயைத்தான் மூடறோம் மேடம். பைப்பைக் கழட்டல."

முதல் நாள் இரண்டு நிமிடம் நிறுத்தினார். திரையில் லைன் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் பத்தொன்பது பேர் தாங்களாகவே போனை வைத்துவிட்டார்கள். சத்தமே இல்லாத போனை யார்தான் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? கட் ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் அவர் அறைக்குள் ஒரு மைக்கை வைத்து, அதை நேரே அந்தச் சின்ன மென்பொருளோடு சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து வாசிப்பு நின்றிருக்கும்போது லைனில் அறையின் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்கும். ஃபேன் ஓடினால் நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். இடைவேளையில் அறைக்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று ஒரு அட்டையும் எழுதி மாட்டினார். அப்படியும் இடைவேளை ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பொறுமை இல்லாத ஆறேழு பேர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது அவர்கள் பாடு.

அவருக்கு 'இடைவேளை சார்' என்று பெயர் வந்தது இப்படித்தான். ஒன்பது வருடம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு நான்கு மாதமாகப் புகார். வாசிப்பில் ச, ஷ, ஸ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது என்றார்கள். தையல்காரம்மா ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். அவருக்குத் தெரியாத ஊசியா? வாத்தியார் தினமும் மாலை நான்கு மணிக்குப் போன் செய்து அன்று எத்தனை இடத்தில் குத்தியது என்று எண்ணிச் சொன்னார். ஒருநாள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. நான் கீழே போய் மூன்று தடவை சொன்னேன். "சரி மேடம்" என்றார். அவர் திருகியபிறகு இன்னும் மோசமாகக் குத்தியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். இந்த மாதக் கடைசிக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அதற்கும் "சரி மேடம்". அந்தக் கல்லுளிமங்கத்தனம்தான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. என் அறையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதைத் திருப்பினால் லைனில் போவது எனக்கும் கேட்கும். குத்துகிற இடங்களை நானே குறித்துவைத்தால் அவரை அனுப்பும்போது கையில் ஆதாரம் இருக்கும் என்று காலையிலேயே பென்சிலும் தாளுமாக உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்கு முதல் ஆள் வாசித்து முடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். இடைவேளை. ஃபேன் சத்தம். அடுத்து வாசிக்க வேண்டிய பெண் பேருந்து வராமல் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது ஒரு செல்போன் மணி அடித்தது.

அந்த அறை மைக்குக்கு ஒரு திருகு உண்டு. தவிர்க்க முடியாமல் பேச நேர்ந்தால் அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஃபேன் சத்தம் மறையும்வரை திருகைக் குறைத்துவிட்டுப் பேசுவார். அன்றும் அப்படித்தான் செய்திருக்கிறார். பாதி திருப்பும்போதே அவர் காதில் ஃபேன் மறைந்துவிட்டது. அவருக்குத்தான் மறைந்தது. எங்களுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குக் கேட்டது இதுதான்.

"சொல்லும்மா."

"ஏங்க, ரிப்போர்ட் வாங்கிட்டேன். டாக்டர் பேசினாரு." அவர் மனைவியின் குரல்.

"சத்தமாச் சொல்லு."

"ஸ்பீக்கர்ல போடுங்க."

"போட்டாச்சு. சொல்லு."

"வலது காது போயிடுச்சாம். இடதுலயும் மெல்லிசா வர்ற சத்தம் எதுவும் விழாதாம். ச, ஷ அந்த மாதிரி எதுவும். போனது போனதுதானாம், திரும்பி வராதாம். மிஷின் வெச்சா பேச்சு புரியுமாம். ஆனா சத்தம் சரியா இருக்கான்னு பாக்கற வேலைக்கு உங்க காது ஆகாதுன்னுட்டாரு."

ஃபேன் கொஞ்ச நேரம் ஓடியது.

"ஆபீஸ்ல சொல்லிடுங்களேன்," என்றார் அந்த அம்மா. "அந்த மேடம் நல்லவங்கன்னுதானே சொல்வீங்க."

"நல்லவங்கதான். கோபம் வராதப்ப."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"வேலை போனா போகுது, அது இல்ல," என்றார் அவர். ஒன்பது வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நாலு மாசமா குத்துதுன்னு அவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. எனக்குக் குத்தறதே கேக்கல. ஏதோ மங்கலா இருக்குன்னு நெனச்சுத் தெளிவாக்கறேன் தெளிவாக்கறேன்னு கூட்டிக்கிட்டே போயிருக்கேன். பேப்பர் படிக்க அவங்களுக்குக் காதை விட்டா வேற என்ன இருக்கு சொல்லு. அதுல போய் நான் குத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

அந்தப் பக்கம் அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

"டீ குடிச்சேன். வெச்சுடறேன். ஆள் வந்துடுவாங்க."

அந்தப் பெண் அடித்துப் பிடித்து ஓடி வந்து சேர்ந்தபோது இடைவேளை பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. வாசிப்பு தொடங்கும் என்று பார்த்தேன். தொடங்கவில்லை. அவர் திரையைப் பார்த்திருக்கிறார். முப்பத்தெட்டு லைனும் அப்படியே இருந்தது. பதினொரு நிமிடத்தில் ஒருவர்கூடப் போனை வைக்கவில்லை. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அதன்பிறகுதான் திருகைப் பார்த்திருக்கிறார், அது பாதியில் நின்றிருந்தது.

வழக்கமாகக் கேட்பவர்களின் பேச்சு எங்களுக்கு வராதபடி மூடிவைத்திருப்போம். அன்று அவர் எல்லா லைனையும் திறந்துவிட்டார். முப்பத்தெட்டு வீடுகளின் சத்தம் ஒன்றாக வந்தது. எங்கோ குக்கர், எங்கோ இருமல், ஒரு கடிகாரம். அவர் முதல்முறையாக மைக்கில் பேசினார்.

"வணக்கம். நான்தான், சவுண்டு பாக்கறவன். இப்ப நடுவுல... உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

ஒருவரும் மூச்சு விடவில்லை. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பேசுகிற முப்பத்தெட்டு பேர்! நானும்தான் பேசவில்லை. கடைசியில் வாத்தியார் குரல் வந்தது.

"என்ன கேக்கணும்ங்கறீங்க? ஃபேன் ஓடிச்சு. அதுக்கு முதல்ல எண்ணெய் போடுங்க. நேரமாகுது, அந்தப் பொண்ண நாலாம் பக்கம் படிக்கச் சொல்லுங்க."

"எனக்கும் ஃபேன்தான்," என்றார் தையல்காரம்மா.

"ஃபேன், ஃபேன்," என்று இன்னும் நாலைந்து பேர் அவசரமாகச் சொன்னார்கள். அவர் நன்றி என்று சொல்லி லைன்களை மூடினார். நாலாம் பக்கம் தொடங்கியது. நான் கதவைத் தாளிட்டுக்கொண்டு அழுதேன். கோபக்காரர்களுக்கும் கண்ணீர் இருக்கத்தான் செய்கிறது.

பத்து மணிக்கு மேல் என் போன் அடிக்க ஆரம்பித்தது. மாலைக்குள் இருபத்தாறு அழைப்பு. ஒன்பது வருடமாக எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் எல்லாம் ஒலி இன்று அருமை, தேன் மாதிரி இருந்தது என்றார்கள். தபால்காரருக்கு ச-வும் ஷ-வும் பிறவியிலேயே கேட்காது, அவரும் குத்தவில்லை என்று சொல்லப் போன் செய்தார். தையல்காரம்மா, "என் காதுல அழுக்கு இருந்திருக்கும்மா, எடுத்ததும் சரியாயிடுச்சு," என்றார். வாத்தியார் சரியாக நான்கு மணிக்கு அழைத்தார்.

"என் புகாரை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். கோளாறு என் டெலிபோன்ல."

"இன்னிக்கு எத்தனை தடவை குத்துச்சு, எண்ணினீங்களா?" என்றேன்.

"எண்ணல," என்றார். கணக்கு வாத்தியார் பொய் சொன்னால் ஒரு சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

போனை வைத்தபிறகு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இவர்கள் ஆயுசு முழுக்கத் தினம் மூன்று மணி நேரம் காதில் குத்து வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். ஒருத்தர் வேலையைக் காப்பாற்ற முப்பத்தெட்டு பேர் இப்படி வாயை மூடிக்கொண்டால் ஒலி எப்படிச் சரியாகும்? குத்துகிறது என்று ஒருவர் சொன்னால்தானே எங்கே குத்துகிறது என்று தெரியும்? நான் படியிறங்கிக் கீழே போனேன். அவர் ஒயர்களைச் சுற்றி ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்து வருபவருக்கு வசதியாக ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தார்.

நான் அவருடைய இடது பக்கமாகப் போய் நின்று, அன்று வந்த அழைப்புகளைப் பற்றிச் சொன்னேன். "எனக்கும் கேட்டுச்சு சார்," என்றேன். அவரிடம் ஃபேன் கதை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியும் மேடம். முப்பத்தெட்டு லைன்ல ஒண்ணுகூட விழல." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்காகப் பொய் சொல்றாங்க. அந்தப் பொய் மேல நான் நாற்காலி போட்டு உக்கார முடியாது. நாளையிலேர்ந்து வரல."

"உங்களுக்குக் கேக்கலன்னா கேக்கறவங்களைக் கேளுங்க. தினம் காலைல பத்து நிமிஷம். எழுபத்தாறு காது சும்மாதானே இருக்கு?"

"தையல்காரம்மாவுக்கு ஒண்ணுதான்," என்றார். அந்த நேரத்திலும் கணக்கு தப்பவில்லை. "அவங்க சொல்ல மாட்டாங்க மேடம். இனிமே குத்துதுன்னு சொல்லவே மாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

அவர் சொன்னது உண்மை. அவர்கள் சொன்னால் அவர் இருக்கலாம். சொல்லாவிட்டால் மாதக் கடைசிவரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை, போகத்தான் வேண்டும். ஒரே ஒரு காலை வாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. அந்த அதிர்ச்சியிலேயே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு நானே மைக் முன்னால் உட்கார்ந்தேன். எல்லா லைனையும் திறக்கச் சொன்னேன்.

"செயலாளர் பேசறேன். நேத்து எனக்கு இருபத்தாறு பொய் வந்துச்சு. அத்தனையும் இவருக்கும் தெரியும். நீங்க நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னா இவர் இன்னிக்கே வீட்டுக்குப் போயிடுவாரு, அவரே சொல்லிட்டாரு. இவர் இங்க இருக்கணும்னா உங்க காதை இவருக்குக் குடுங்க. குத்தினா குத்துதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. நாலு மாசமா சொன்னீங்கல்ல? இப்ப மட்டும் என்ன வெக்கம்?"

கடிகாரம் மட்டும் எங்கோ ஓடியது. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் எழுந்திருக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"குத்துது சார்," என்றார் தையல்காரம்மா. "நாலு மாசமா குத்துது. மன்னிச்சுக்குங்க."

இடைவேளை சார் செய்தித்தாளை எடுத்தார். ச, ஷ நிறைய வரும் ஒரு செய்தியைத் தேடிப் பிடித்து, அவரே சத்தமாக வாசித்துக்கொண்டு அந்த அம்மாவின் லைனைத் திருகினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் குறைங்க... இன்னும்... ஆங், போதும் சார். போதும்."

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. எனக்கு, எனக்கு என்று முண்டியடித்தார்கள். இரைகிறது என்றார் ஒருவர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார் இன்னொருவர், முதல் பக்கத்தில் மட்டும் குத்துகிறது என்று ஒரு மகராசி. அவர் ஒவ்வொருவரிடமும் இப்ப, இப்ப என்று கேட்டுக் கேட்டுத் திருகி எழுதிக்கொண்டார். வாசிக்க வந்த பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அன்று எட்டரை மணிவரை யாரும் பேப்பர் படிக்கவில்லை, அதைப் பற்றி ஒருவரும் புகார் சொல்லவும் இல்லை.

முப்பத்தேழு முடிந்தது. வாத்தியார் மட்டும் பாக்கி.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் வாத்தியார். விடாக்கண்டன்.

"வாத்தியாரே, உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னேனே. ஒரு குறையும் இல்ல."

"எனக்குக் கேக்காது வாத்தியாரே," என்றார் இடைவேளை சார். முப்பத்தெட்டு பேர் முன்னால் அதைத் தன் வாயால் சொன்னார். "நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

வாத்தியார் இறங்கி வந்தார். "குத்துது."

"எவ்வளவு?"

"கண்ல தண்ணி வர்ற அளவுக்கு."

அவர் அதே செய்தியை மறுபடி முதலிலிருந்து வாசித்தபடி மெல்லத் திருகினார். "இப்ப?"

"இன்னும்."

"இப்ப?"

"கொஞ்சம் தாண்டிட்டீங்க. பின்னாடி வாங்க. ம், அங்கதான். சரியா இருக்கு." வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கும் என்னைக் கேப்பீங்கல்ல?"

"கேப்பேன் வாத்தியாரே," என்றார் அவர். "நாளைக்கு உங்களத்தான் முதல்ல கேப்பேன்."